வளைவில் பொய் சொல்லும் மிதவை

நேர்ச்சாலையில் குறையே இல்லாமல் ஓடும் பந்தயக் கார் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் இருமும். வலப்பக்கம் திரும்பினால் ஒன்றும் இருக்காது. சில கார்களில் இது தலைகீழாக நடக்கும். இன்னும் சிலவற்றில் பிரேக்கை ஓங்கி மிதித்ததும் எஞ்சின் கரும்புகை தள்ளி அப்படியே நின்றுபோகும். கார்புரேட்டர் வைத்த பந்தயக் கார்களோடு பழகியவர்களுக்கு இது பழைய தலைவலி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து மிதவையைத் திருத்துவது: அதன் ஓரத்தைச் சீவுவது, ஊசியைத் தொடும் நாக்கை வளைப்பது, மட்டத்தைக் குறைத்து வைப்பது, வேறு பொருளில் செய்த மிதவையை மாட்டுவது. இவற்றில் சில பலிக்கும். சில, இருந்த கோளாறைப் பெரிதாக்கிவிடும். எது ஏன் பலிக்கிறது என்று துருவிப் பார்த்தால், பட்டறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் புலப்படும். மிதவைக்குத் தெரிவதெல்லாம் அது நிற்கும் இடத்தில் பெட்ரோல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான். எஞ்சினுக்கு வேண்டியதோ ஜெட் இருக்கும் இடத்து மட்டம். கார் நேராகப் போகும்வரை இரண்டும் ஒன்று. வளைவில் இரண்டும் பிரிகின்றன. அப்போது மிதவை சொல்வது பொய்யாகிவிடுகிறது. ஜெட்டின் உண்மையை மிதவை சொல்லும்படி செய்கிற திருத்தம் எதுவோ அதுதான் பயன்படும் என்பது என் வாதம்.

கார்புரேட்டரை உள்ளே பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் பந்து மேலேறிக் குழாயை அடைக்குமே, அதே ஏற்பாடுதான் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் இருக்கிறது. பம்ப் அனுப்பும் பெட்ரோல் ஊசி வால்வு வழியாகக் கிண்ணத்தில் விழும். மட்டம் உயர்ந்தால் மிதவை எழும்பி ஊசியை அழுத்தி வழியை மூடும். எஞ்சின் குடிக்கக் குடிக்க மிதவை இறங்கித் திறக்கும். கிண்ணத்தின் அடியில், அளந்து துளையிட்ட ஜெட் வழியாகப் பெட்ரோல் கிளம்பி, காற்று பாயும் குறுகிய கழுத்தில் இருக்கும் முனைக்குப் போகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் அந்த முனைக்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அதிகம் உயர்ந்தால் காற்று இழுக்காமலே வழிந்து கலவை கெட்டியாகிவிடும். தாழ்ந்தால் காற்று எவ்வளவு இழுத்தாலும் போதுமான பெட்ரோல் வராது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் வரும்வரை நம் ஊர் பைக்குகளில் மிகப் பலவற்றில் ஓடியது இதே சாதனம்தான். அந்தச் சில மில்லிமீட்டர் கணக்கைத்தான் வளைவு குலைக்கிறது.

எவ்வளவு குலைக்கிறது? கார் திரும்பும்போது பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பாதி அளவு, அதாவது அரை ஜி, இருந்தால் கிண்ணத்துப் பெட்ரோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 பாகை சாய்கிறது. ஒரு ஜி இருந்தால் 45 பாகை. நல்ல பந்தய டயர் போட்ட கார் ஒரு ஜியைச் சாதாரணமாகத் தாண்டும், 1.2 ஜி என்றால் சாய்வு 50 பாகை. இது அலையடித்து அடங்கும் விஷயமும் இல்லை. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவை 1.2 ஜியில் எடுக்கும் கார் மணிக்கு 123 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது; செங்கோணத் திருப்பம் ஒன்றை முடிக்க அதற்கு நாலரை விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் பெட்ரோல் சரிந்தபடியே நிற்கும். 400 குதிரைத் திறன் எஞ்சின் முழு வேகத்தில் விநாடிக்குச் சுமார் 34 மில்லிலிட்டர் குடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாய்ந்த கிண்ணத்தோடு சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாத நேரம் அது.

ஒரு கிண்ணத்தை மனக்கணக்காக எடுத்துக்கொள்வோம். அகலம் 10 செ.மீ., உயரம் 6 செ.மீ., அதில் பெட்ரோல் 4 செ.மீ. ஒரு ஜியில் 45 பாகை சாயும்போது, மூடி இல்லையென்றால் வெளிப்பக்கச் சுவரில் பெட்ரோல் கிட்டத்தட்ட 9 செ.மீ. உயரம் ஏறும். மூடி 6 செ.மீ. உயரத்திலேயே இருப்பதால் அது மூடியில் போய் முட்டி, அங்கே மூன்றரை செ.மீ.க்கு மேல் நனைத்துக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கம் தரையில் ஒரு கீற்று உலர்ந்து வெளியே தெரியும். ஜெட் அந்த உலர்ந்த மூலையில் இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். கிண்ணத்துக்குக் காற்று விடும் குழாய் நனைந்த மூலையில் இருந்தால், அதன் வழியே பெட்ரோல் எஞ்சினுக்குள் கொட்டும். ஒரே கிண்ணத்தில், ஒரே நொடியில், பட்டினியும் வெள்ளமும் சேர்ந்தே நடக்கலாம். இந்தக் கணக்கில் மிதவை இன்னும் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மிதவையே இல்லாத கிண்ணத்திலும் இது நடக்கும். வளைவில் வரும் இருமல் எல்லாவற்றையும் மிதவையின் தலையில் கட்டுவது ஏன் தவறு என்பதற்கு இதுவே முதல் சான்று. கிண்ணம் பாதி அகலமாக இருந்தால் நடுவிலிருந்து ஏற்றமும் இறக்கமும் பாதியாகும்; ஜெட் நடுவில் இருந்தால் அதற்கு மேலே உள்ள மட்டம் அதிகம் மாறாது. மிதவையில் கத்தி வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

இனி மிதவைக்கு வருவோம். மிதவை ஒரு கீலில் ஆடுகிறது. அந்தக் கீலின் அச்சு எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் வளைவில் அதன் நடத்தையைத் தீர்மானிக்கிறது. அச்சு காரின் நீளவாக்கில், கிண்ணத்தின் இடப்பக்கச் சுவரில் இருக்கிறது, மிதவை அங்கிருந்து வலப்பக்கமாக நீண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். கார் இடப்பக்கம் திரும்பினால் பெட்ரோல் வலப்பக்கம் ஏறும். மிதவை தூக்கப்பட்டு, கிண்ணம் நிரம்பிவிட்டது என்று ஊசியை மூடும். எஞ்சின் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கிக்கொண்டே போய்த் தாழ்ந்த ஓர் இடத்தில் நிலைக்கும். வலப்பக்கம் திரும்பினால் பெட்ரோல் மிதவையை விட்டு ஓடும். கிண்ணம் காலி என்று எண்ணி மிதவை ஊசியைத் திறந்துவிடும். தேவைக்கு மேல் பெட்ரோல் வந்து நிரம்பும். ஒரு பக்கம் மட்டும் இருமும் காரின் மர்மம் பெரும்பாலும் இதுதான். அச்சு காரின் குறுக்காக, மிதவையின் இரண்டு குமிழ்களும் நடுவுக்கு இருபக்கமும் சமமாக இருந்தால் கதை வேறு. ஒரு குமிழ் மூழ்கும், மற்றது வெளியே வரும். கூட்டிக் கழித்தால் ஊசிக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ அதேதான். மிதவை அப்போது சொல்வது நடுப்பகுதியின் மட்டம். ஜெட்டும் நடுவில் இருந்தால் அதுவே உண்மை.

அமெரிக்கப் பந்தயங்களில் நெடுங்காலம் கோலோச்சிய ஹோலி கார்புரேட்டரில் இந்த இரண்டு வகைக் கிண்ணங்களும் உண்டு: பக்கத்தில் கீல் வைத்தது, நடுவில் கீல் வைத்தது. வளைவுகள் நிறைந்த தடத்துக்கு நடுக்கீல், நேர்க்கோட்டில் சீறும் டிராக் பந்தயத்துக்குப் பக்கக்கீல் என்பது அங்குள்ள பந்தயக்காரர்கள் அனுபவத்தில் கண்ட பாகுபாடு. காரணம் மேலே சொன்னதுதான். நடுக்கீல் மிதவை பக்கவாட்டுச் சாய்வைச் சகித்துக்கொள்ளும், முன்பின் சாய்வில் தடுமாறும். பக்கக்கீல் அதற்கு நேர்மாறு. இரண்டையும் ஒன்றாகச் சகிக்கும் கீல் கிடையாது. இத்தாலியின் வெபர் டி.சி.ஓ.இ. கார்புரேட்டரில் ஜெட்கள் அமர்ந்த நடுக்குழிக்கு இருபுறமும் மிதவைகள் தொங்குகின்றன. ஐரோப்பியப் பந்தயங்களில் அது அத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த அமைப்பையும் அவற்றில் ஒன்றாகச் சேர்க்க நான் தயங்கமாட்டேன். பிரிட்டனின் எஸ்.யு. கார்புரேட்டரில் கிண்ணம் தனியாகப் பக்கத்தில் தொங்கும். கிண்ணத்தின் நடுவுக்கும் ஜெட்டுக்கும் 5 செ.மீ. இடைவெளி என்றால், ஒரு ஜி விசை அந்தத் திசையில் வந்ததும் ஜெட்டில் மட்டம் 5 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். மிதவை எவ்வளவு நேர்மையாக வேலை செய்தாலும் இதைத் தடுக்க முடியாது. அங்கே செய்ய வேண்டியது கிண்ணத்தின் இடத்தை மாற்றுவது. ஜெட்டுக்கு முன்னால் கிண்ணம் வரும்படி திருப்பினால் பக்கவாட்டு விசை அதைத் தொடாது. முடுக்கும்போது பெட்ரோல் ஜெட்டை நோக்கி வரும், பிரேக் பிடிக்கும்போது விலகும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் எஞ்சின் கொஞ்சம் பட்டினி கிடந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். முழு வேகத்தில் காற்றின் இழுப்பு அவ்வளவு பலமாக இருக்கும்போது மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்ட மாற்றம் என்ன செய்துவிடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெட்டுக்கும் மிதவைக்கும் 3 செ.மீ. தூரம், விசை 1.2 ஜி என்றால் மட்ட வேறுபாடு 3.6 செ.மீ. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசு என்பதால் அது சுமார் 265 பாஸ்கல் அழுத்தத்துக்குச் சமம். முனையில் இழுப்பு 3,000 பாஸ்கல் இருந்தால் பெட்ரோல் வரத்து நாலரை சதவீதம்தான் குறையும். எஞ்சினுக்கு அது உறைக்காது. இழுப்பு 500 பாஸ்கல் மட்டும் இருந்தால் அதே மட்ட வேறுபாடு வரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் பறித்துவிடும்; எஞ்சின் இருமாமல் என்ன செய்யும்? மறுப்பில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு த்ராட்டிலுக்கு மட்டும். வளைவின் நடுவில் ஓட்டுநர் காலைப் பாதி அழுத்தி, காரைச் சமநிலையில் வைத்து, வெளியேறும் கணத்துக்குக் காத்திருப்பார். இழுப்பு குறைவாகவும் சாய்வு உச்சத்திலும் இருக்கும் கணம் அதுதான். அந்த இடத்தில் எஞ்சின் ஒரு கணம் செத்துப் பிழைத்தால் காரின் பிடிமானமே குலையும். எஞ்சின் திறனை அளக்கும் டைனோ மேடையில் கார்புரேட்டரைப் பிழையின்றி ட்யூன் செய்தவர்கள் தடத்தில் திணறுவதும் இதனால்தான், மேடை சாய்வதில்லை.

மிதவை சொல்லும் பொய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. அது பந்தயத் தடத்தில் இல்லை, வானத்தில். 1940இல் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் மிதவை வைத்த எஸ்.யு. கார்புரேட்டர் இருந்தது. விமானி மூக்கைச் சட்டென்று கீழே குத்தினால் பெட்ரோல் கிண்ணத்தின் மேற்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஜெட்டுக்குப் பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் திக்கும். அதைவிட மோசமானது அடுத்து வரும். தலைகீழான விசையில் மிதவை அடிப்பக்கம் போய், கிண்ணம் காலி என்று ஊசியைத் திறந்துவிடும். பம்ப் தன் முழு வலுவில் பெட்ரோலைக் கொட்டும். எஞ்சின் மூழ்கி நிற்கும். நேரடி எரிபொருள் உட்செலுத்தல் முறை கொண்ட டைம்லர்-பென்ஸ் எஞ்சினோடு பறந்த ஜெர்மன் விமானிகள் மூக்கைக் குத்தித் தப்பிவிடுவார்கள். துரத்திய பிரிட்டிஷ் விமானி அரைப் புரட்டல் போட்டுவிட்டுத்தான் பின்தொடர முடிந்தது. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் இதற்குக் கண்ட தீர்வு மிதவையைத் தொடவே இல்லை. பெட்ரோல் வரும் வழியில் ஒரு சிறு உலோகத் தடுப்பை வைத்தார். அதன் துளை, எஞ்சின் உச்சத் திறனில் குடிக்கும் அளவு மட்டுமே போகும்படி அளக்கப்பட்டது. மிதவை என்ன பொய் சொன்னாலும் அதற்கு மேல் பெட்ரோல் வராது. 1941இல் அது போர்ப்படை விமானங்களில் பொருத்தப்பட்டது. ஷில்லிங் 1930களில் ப்ரூக்லண்ட்ஸ் தடத்தில் நார்ட்டன் மோட்டார்சைக்கிளை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டியவர். பந்தயக்காரரின் மூளையிலிருந்து வந்த யோசனை அது. முதல் திக்கல் அப்போதும் கொஞ்சம் இருந்தது. அது முழுதாகப் போக, பின்னால் வேறு வகைக் கார்புரேட்டரே வேண்டியிருந்தது. ஆனால் எஞ்சினை அணைத்த வெள்ளம் நின்றது.

ஷில்லிங்கின் பாடத்தைக் காருக்குப் பொருத்திப் பார்த்தால், பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் ஒரு காரியம் தலைகீழாகத் தெரிகிறது. வளைவில் எஞ்சின் இருமுகிறது என்றதும் பெரிய துளையுள்ள ஊசி வால்வை மாட்டி, பம்ப் அழுத்தத்தையும் ஏற்றிவிடுவார்கள். ஹோலியில் 0.110 அங்குலத் துளைக்குப் பதில் 0.130 அங்குலம் வைத்தால், ஊசியைத் தள்ளும் விசை 40 சதவீதம் கூடுகிறது. பம்ப் அழுத்தம் 6 பி.எஸ்.ஐ. என்றால் 26 கிராம் அளவில் இருந்த தள்ளல் 36 கிராம் ஆகிறது. அதை மூடி வைக்க வேண்டியது அந்தச் சின்ன மிதவைதான். இதோடு மிதவையின் ஓரத்தையும் சீவினால் மிதப்பு குறைகிறது: சீவிய ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் முக்கால் கிராம் மிதப்பு போகும், சீவிய பொருளின் எடையை மட்டும் அதில் கழித்துக்கொள்ளலாம். ஒரு கை திறப்பைப் பெரிதாக்குகிறது, மறு கை மூடும் பலத்தைக் குறைக்கிறது. நேர்ச்சாலையிலேயே மட்டம் ஏறிவிடும், வளைவில் வழிந்துவிடும். வெபர் கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தமே போதும் என்று தேர்ந்த மெக்கானிக்குகள் சொல்வதில் காரணம் இருக்கிறது.

அப்படியானால் மிதவையைச் சீவுவதே வீண்வேலையா? இல்லை. அதற்கு ஒரு முறையான பயன் உண்டு. ஹோலியின் பின்பக்கக் கிண்ணத்தில் ஜெட்கள் கிண்ணத்தின் முன்சுவரில் இருக்கின்றன. கார் சீறிப் பாயும்போது பெட்ரோல் பின்னால் ஓடிவிடும். ஜெட் வெளியே தெரியும். அதனால் ஜெட்டின் வாயில் ஒரு நீட்டுக்குழாயைப் பொருத்தி, அது கிண்ணத்தின் பின்பகுதிக்குப் போய்ப் பெட்ரோலை எடுக்கும்படி செய்கிறார்கள். குழாய் போகும் வழியில் மிதவை இடிக்கும். அந்த இடத்தில்தான் மிதவையில் பள்ளம் வெட்டப்படுகிறது. இங்கே திருத்தத்தின் சாரம் குழாயில் இருக்கிறது, மிதவை அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். காற்றுக்குழாய்க்கும் இதேபோல ஒரு நீட்டிப்பு உண்டு. பிரேக் பிடிக்கும்போது பெட்ரோல் அதன் வாய்க்குள் பாயாதபடி அது தள்ளி நிற்கும். மிதவையின் பொருளையும் மறக்கக் கூடாது. பித்தளை மிதவை வெட்ட வராது, நசுங்கினாலோ பற்றவைப்பு விட்டாலோ உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கிவிடும். நைட்ரோஃபில் என்னும் நுரைப்பொருள் மிதவையைச் சீவ முடியும், ஆனால் ஆண்டுக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனக்கும். சீவியதால் மேல்தோல் போன மிதவையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நகைக்கடைத் தராசு ஒன்று இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மட்டத்தைக் குறைத்து வைத்துவிட்டால் வழியாது, பிறகென்ன என்று கேட்பவர்கள் பலர். வழிவது நிற்கும் என்பது உண்மை. ஆனால் மேலே போட்ட கணக்கை ஒருமுறை திரும்பப் பாருங்கள்: சாய்வினால் வரும் மாற்றம் சென்டிமீட்டர்களில் இருக்கிறது, மட்டத்தைக் குறைத்துச் சம்பாதிப்பது மில்லிமீட்டர்களில். வெள்ளம் வரும் பக்கம் கிடைக்கும் இலாபம், பட்டினி வரும் பக்கம் நஷ்டமாக வந்து நிற்கும். முனை பெட்ரோலைக் கக்கத் தொடங்குவதும் தாமதமாகும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைப்பது கடைசி நுண்சீரமைப்பாக இருக்கலாம். அதையே வைத்தியமாக்கினால் நோய் மறுபக்கம் போகும்.

ஒரே பக்கம் மட்டும் திரும்பும் பந்தயங்களில் இந்தச் சங்கடம் பாதிதான். அமெரிக்காவின் நீள்வட்டத் தடங்களில் கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்புகின்றன; பெட்ரோல் எப்போதும் வலப்பக்கமே சாயும். அங்கே இடது, வலது ஜெட்களை வெவ்வேறு அளவில் வைத்துச் சரிக்கட்டிவிட முடிகிறது. தடத்தின் சரிவும் கைகொடுக்கிறது. அத்தடங்களில் ஒன்றான டேட்டோனாவின் வளைவுகள் 31 பாகை சரிந்தவை. ஏறத்தாழ 305 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் காருக்குக் கிடைமட்ட விசை 2.3 ஜி, சமதரையில் பெட்ரோல் 67 பாகை சாய வேண்டியது, சரிவைக் கழித்தால் 36 பாகையில் நிற்கிறது. மோட்டார்சைக்கிளில் இந்தச் சிக்கலே பெரும்பாலும் இல்லை. வண்டியே சாய்ந்து திரும்புவதால் விளைவு விசை வண்டியின் நடுக்கோட்டில்தான் விழுகிறது. கிண்ணத்துக்குத் தான் வளைவில் இருப்பதே தெரியாது. இடமும் வலமும் மாறிமாறி வளையும் சமதரைத் தடத்தில், நிமிர்ந்தே நிற்கும் நான்கு சக்கரக் காருக்குத்தான் முழுச் சோதனையும்.

மிதவைதான் பொய் சொல்கிறது என்றால் அதையே தூக்கி எறிந்தால் என்ன? இந்த யோசனையும் நடந்து பார்க்கப்பட்டதுதான். 1964இல் வந்த போர்ஷே 911இன் முதல் கார்களில் சோலெக்ஸ் 40 பி.ஐ. கார்புரேட்டர்கள் இருந்தன. ஒவ்வொரு கார்புரேட்டரிலும் தனி மிதவை கிடையாது. ஒரு பம்ப் பெட்ரோலைத் தொடர்ந்து ஏற்ற, அது ஒரு தடுப்பின் மேல் வழிந்து திரும்பிப் போகும். தடுப்பின் உயரமே மட்டம். அறிவார்ந்த ஏற்பாடு. ஆனால் நடுவேகத்தில் எஞ்சின் மந்தமாகும் குறை தீராமல் 1966இல் வழக்கமான மிதவை உள்ள வெபர் கார்புரேட்டர்களுக்கு அந்தக் கார் மாறியது. கோ-கார்ட் பந்தயத்திலும் இதே விவாதம் உண்டு. டில்லட்சன் போன்ற சவ்வுக் கார்புரேட்டர்களில் மிதவையே இல்லை. எந்தக் கோணத்திலும் வேலை செய்யும். கார்ட்களுக்கு அவை இயல்பாகப் பொருந்தின. ஆனால் கியர்பெட்டி வைத்த மிக வேகமான கே.இசட். வகைக் கார்ட்கள் டெல் ஆர்ட்டோவின் மிதவைக் கார்புரேட்டரில்தான் ஓடுகின்றன. அதில் இரண்டு மிதவைகள் ஜெட்டின் இருபக்கமும் தனித்தனி ஊசித்தண்டுகளில் ஏறி இறங்குகின்றன. கிண்ணம் சிறியது, ஜெட் நடுவில். மிதவை தன்னளவில் குற்றவாளி என்றால் இது நடக்கக் கூடாது. அதைச் சரியான இடத்தில் நிறுத்தினால் அது உண்மையே பேசும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினுக்குள் நேரடியாக எரிபொருளைச் செலுத்தும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பது கடைசி மறுப்பு. மெர்சிடஸ் 1954இலேயே கிராண்ட் பிரீ காரில் கார்புரேட்டரைக் கைவிட்டது உண்மைதான். ஆனால் 1966இல் லெ மான்ஸில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த ஃபோர்டு கார்களின் ஏழு லிட்டர் எஞ்சின்கள் ஹோலி கார்புரேட்டரில் ஓடின. அமெரிக்க நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைப் பிரிவு 2011 வரை கார்புரேட்டரை விடவில்லை. இங்கிலாந்தின் குட்வுட் ரிவைவல் போன்ற பழங்காலக் கார்ப் பந்தயங்களில், அந்தந்தக் காலத்துக்குரிய கருவியோடுதான் கார் ஓட வேண்டும். அங்கே இது இன்றைக்கும் வாரக்கடைசி வேலை. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களின் கார் ஒன்றை மீட்டெடுக்க விரும்பும் நம் ஊர்க்காரருக்கும் இதே கதைதான். எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் புதிய முறையிலும் சாய்வு ஒழிந்துவிடவில்லை. கார்புரேட்டரிலிருந்து டேங்குக்கு இடம் மாறியிருக்கிறது. அரை டேங்க் பெட்ரோலோடு நீண்ட வளைவில் போகும் காரில் பம்ப் காற்றை உறிஞ்சாமலிருக்க, தனிச் சேகரிப்புக் கலமும் டேங்குக்குள் நுரைப்பஞ்சும் வைக்கிறார்கள்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் டேங்கிலிருந்தே சோதனையைத் தொடங்குவது நல்லது. வளைவுக்குள் நுழைந்த உடனே இருமல் வந்து, ஸ்டியரிங்கை நேராக்கியதும் சரியானால் கிண்ணத்தைச் சந்தேகப்படுங்கள். வளைவின் இறுதியில் தொடங்கி நேர்ச்சாலையிலும் சிறிது நேரம் நீடித்தால் டேங்கிலோ பம்பிலோதான் கோளாறு. ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் வந்தால் கீலின் அச்சையும், ஜெட்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். கரும்புகையோடு வந்தால் அழுத்தத்தைக் குறைத்து, காற்றுக்குழாய்களின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகு மிதவையைச் சீவலாம். சீவியதும் எடை போட்டு, மட்டத்தைப் புதிதாக அமைத்து, கார் நிற்கும்போது அரை மணி நேரம் பம்பை ஓடவிட்டு எங்கும் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தடத்துக்குப் போக வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் சொட்டும் பெட்ரோல் இரண்டாவது வாய்ப்புத் தராது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.